பூட்ஸி காலின்ஸின் உச்சம் எது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பேஸ் கிதார்க்காரர் பூட்ஸி காலின்ஸ் வாசித்ததில் உச்சம் எது என்று ஃபங்க் (தாளத்தை முன்னிறுத்தும் அமெரிக்கக் கறுப்பின நடன இசை) கேட்கும் நம் ஆட்களுக்குள் வாக்குவாதம் ஓய்ந்தபாடில்லை. பாடகர் ஜேம்ஸ் பிரவுனோடு இருந்த காலம்தான் என்று ஒரு கட்சி, பூட்ஸியின் சொந்தக் குழுவான ரப்பர் பேண்டின் ஆல்பங்கள்தான் என்று இன்னொரு கட்சி. கேள்விகளை அனுப்புங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் இந்தப் பக்கத்துக்கே புதுசு. நட்சத்திரக் கண்ணாடி போட்ட பேஸ் ஆள் என்பதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. யார் இவர்?

பதில்: அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துச் சின்சினாட்டிக்காரர், 1951இல் பிறந்தவர், இயற்பெயர் வில்லியம் காலின்ஸ். அண்ணன் ஃபெல்ப்ஸ் எட்டு வயது மூத்தவர், கிதார் வாசிப்பார், கேட்ஃபிஷ் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அண்ணனோடு சேர்ந்து வாசிக்கும் ஆசையில் தம்பி ஒரு சாதாரண கிதாரில் நாலு பேஸ் தந்தியை மாட்டித்தான் ஆரம்பித்தார். அப்புறம் பேஸ்மேக்கர்ஸ் என்று ஒரு குழு. ஜேம்ஸ் பிரவுனின் இசைத்தட்டுகளை வெளியிட்ட கிங் ரெக்கார்ட்ஸ் அதே ஊரில்தான் இருந்தது, அங்கே இந்தப் பையன்களுக்கு ஸ்டூடியோ வேலை கிடைத்தது. மீதிக் கதை அங்கிருந்து தொடங்குகிறது.

கேள்வி: சார், ஜேம்ஸ் பிரவுனோடு இருந்தது மொத்தமே பதினோரு மாதம். அதைப் போய் உச்சம் என்கிறார்களே, மிகை இல்லையா?

பதில்: காலம் குறைவு, விளைச்சல் பெரிது. 1970 மார்ச்சில் சம்பளத் தகராறில் பிரவுனின் பழைய குழுவில் பெரும்பாலானோர் விலகிவிட, பிரவுனோடு பாடிய பாபி பேர்ட், பிரவுனின் சொந்த விமானத்தில் போய் இந்தச் சின்சினாட்டிப் பையன்களைக் கூட்டி வந்தார். பூட்ஸிக்கு அப்போது 18 வயது. அடுத்த மாதமே 'செக்ஸ் மெஷின்' பதிவு. அந்தப் பாட்டை இன்னொரு தடவை கேளுங்கள். ஊதுகருவிகள் தொடக்கத்தில் வந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. மிச்சப் பாட்டு முழுக்க கேட்ஃபிஷின் கிதார், ஜாபோ ஸ்டார்க்ஸின் டிரம்ஸ், கொஞ்சம் பியானோ, பிரவுனும் பேர்டும் மாறி மாறிப் போடும் குரல், இவற்றுக்கு நடுவே இந்தப் பேஸ். முன்பெல்லாம் பிரவுன் பாட்டில் பேஸ் அடக்கமாகத் தாளத்துக்குத் துணை நிற்கும், இங்கே அது முன்னால் வந்து பேசுகிறது. அதே வரிசையில் 'சூப்பர் பேட்', 'சோல் பவர்'. 1971 மார்ச்சில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் நடந்த கச்சேரிப் பதிவும் இருக்கிறது, 1992இல்தான் வெளியிட்டார்கள். மேடையில் அந்தக் குழு எவ்வளவு வேகமாக ஓடியது என்பது அதைக் கேட்டால்தான் பிடிபடும். இவ்வளவையும் பார்த்தால் மிகை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி: எல்லோரும் "தி ஒன்", "தி ஒன்" என்கிறார்கள். நம் தாளத்தில் வரும் சமம் மாதிரியா அது?

பதில்: கிட்டத்தட்ட அதேதான். நாலு அடி கொண்ட ஆவர்த்தனத்தில் முதல் அடி. அமெரிக்க ராக்கிலும் சோல் இசையிலும் அழுத்தம் இரண்டிலும் நாலிலும் விழும், கைதட்டுவதும் அங்கேதான். பிரவுன் அதை மாற்றி, ஒன்றில் எல்லோரும் சேர்ந்து இறங்குங்கள், அதன்பின் உங்கள் பாடு என்றார். நிறைய ஸ்வரங்களை அள்ளிப்போட்டு வாசித்த பூட்ஸியிடம், எனக்கு அந்த ஒன்றை மட்டும் கொடு, பிறகு என்ன வேண்டுமானாலும் வாசித்துக்கொள் என்றாராம். பூட்ஸியே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஒரு வித்தியாசம், கர்நாடக இசையில் எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்துக்குத் தள்ளியும் வரலாம், பாடுபவர் சமத்தை மனசில் வைத்துக்கொண்டு அதைத் தவிர்த்தே ரொம்ப தூரம் போகலாம். ஃபங்கில் ஒன்றை ஒளித்து வைக்க முடியாது, கேட்கிறவன் உடம்பில் அது விழுந்தாக வேண்டும்.

கேள்வி: பிரவுன் அபராதம் போடுவார், கொடுமைக்காரர் என்று படித்தேன். அதனால்தான் விலகினாரா?

பதில்: அபராதம் உண்மை. ஸ்வரம் தப்பினால், தாமதமாக வந்தால், ஷூ பளபளப்பாக இல்லையென்றால் எல்லாம் காசு பிடிப்பார். அது போக, நிகழ்ச்சி முடிந்ததும் பூட்ஸியைக் கூப்பிட்டு நீ இன்று சரியாக வாசிக்கவில்லை என்பார், நன்றாக வாசித்த நாளிலும். இளவயதுப் பையன்கள், கட்டுப்பாடு பிடிக்கவில்லை, போதைப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஆனால் பூட்ஸி பிரவுனைப் பற்றிக் கசப்போடு பேசி நான் கேட்டதில்லை, அப்பா ஸ்தானத்தில் வைத்துத்தான் பேசுவார். கண்டிப்பால் கற்றார் என்பதற்காக அந்த அபராத முறையை நியாயப்படுத்த எனக்கு மனமில்லை. பாட்டு நன்றாக வந்தது, பையன்கள் கஷ்டப்பட்டார்கள், இரண்டும்தான் நடந்தது.

கேள்வி: 'ஃபிளாஷ் லைட்' பேஸ்தான் அவர் வாழ்நாள் சாதனை. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

பதில்: எனக்கு இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பேஸை வாசித்தது பூட்ஸி இல்லை. பிரவுனை விட்ட பிறகு பூட்ஸி சேர்ந்த, ஜார்ஜ் கிளின்டன் நடத்திய பார்லிமென்ட் குழுவின் பாட்டு அது, பேஸ் அந்தக் குழுவின் பெர்னி வொரல் மினிமூக் சிந்தசைசரில் வாசித்தது. பூட்ஸி அந்தப் பாட்டில் உட்கார்ந்தது டிரம்ஸில்! வொரல் மேற்கத்திய மரபிசையை முறைப்படி படித்த பியானோக்காரர். வழுக்கிக்கொண்டு இறங்கும் அந்தக் கீழ்ஸ்தாயி, பேஸ் கிதாரால் தர முடியாத ஒலி. 1978இல் அது ஆர் அண்ட் பி (அமெரிக்கக் கறுப்பின இசை) பாட்டுப் பட்டியலில் முதலிடம் போனது, அதன்பின் எத்தனையோ பாட்டுகளில் சிந்தசைசர் பேஸ் வந்ததற்கு இது பெரிய காரணம். அதே வருடம் பூட்ஸியின் சொந்தப் பாட்டு 'பூட்ஸில்லா'வும் அங்கே முதலிடம் பிடித்தது. அதைச் சாதனையாகச் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அந்த "வாவ் வாவ்" சத்தத்துக்கு எந்தப் பெடல்? நட்சத்திர வடிவ பேஸால் சத்தம் மாறுமா?

பதில்: மியூட்ரான் 3. என்வலப் ஃபில்டர் என்பார்கள். தந்தியை எவ்வளவு பலமாக மீட்டுகிறீர்களோ அந்த அளவுக்கு ஃபில்டர் திறக்கும், ஒலி அடங்க அடங்க மூடும். காலால் ஒன்றும் ஆட்ட வேண்டியதில்லை, விரல் அழுத்தமே கட்டுப்படுத்துகிறது. ஸ்டீவி வொண்டர் 1973இல் 'ஹையர் கிரவுண்ட்' பாட்டில் கிளாவினெட் என்ற மின் கீபோர்டுக்குப் போட்டதும் இதே பெடல். பெடலை வாங்கினால் பூட்ஸி சத்தம் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள் தம்பி, ஒரே பலத்தில் மீட்டினால் எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி குவாக்கும், அவ்வளவுதான். அவர் சில ஸ்வரங்களைத் தொட்டும் தொடாமலும் விட்டு, சிலதை அழுத்துவார், அதனால் வாய் திறந்து பேசுவது போல வருகிறது.

நட்சத்திர வடிவம் கண்ணுக்கு. மிச்சிகனில் லாரி பிளெஸ் என்பவர் 1975 வாக்கில் செய்து கொடுத்தது. சத்தத்தை மாற்றியது உள்ளே இருக்கும் வயரிங்தான். பிக்கப்களை (தந்தி அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பாகங்கள்) வெவ்வேறு வழியாக வெளியே எடுத்து, அடி ஒலியைச் சுத்தமாகவும் மேல் ஒலியை எஃபெக்டோடும் அனுப்பினால் எவ்வளவு விநோதம் செய்தாலும் அடித்தளம் கரையாது.

கேள்வி: லாரி கிரஹாமா, பூட்ஸியா? ஒருவரைச் சொல்லுங்கள்.

பதில்: கண்டுபிடிப்பு என்றால் அமெரிக்க பேஸ் ஆள் லாரி கிரஹாம். அம்மாவோடு சேர்ந்து வாசிக்கும்போது டிரம்ஸ் இல்லாததால் கட்டைவிரலால் தட்டி கிக் (பெரிய டிரம்) சத்தத்தையும், தந்தியைப் பிடித்திழுத்து ஸ்னேர் (சிறிய டிரம்) சத்தத்தையும் உண்டாக்கினார். இன்று உலகம் முழுக்க ஸ்லாப் என்று வாசிக்கிறார்களே, அதன் மூலம் அது. ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோனோடு 1969 கடைசியில் வந்த 'தேங்க் யூ' கேளுங்கள். பூட்ஸியிடம் நான் மதிப்பது வேறு: ஒரு மொத்தக் குழுவின் நடையை அவரால் மாற்ற முடிந்தது. திரும்பத் திரும்பக் கேட்பது பூட்ஸியைத்தான்.

கேள்வி: 'க்ரூவ் இஸ் இன் தி ஹார்ட்' பேஸ் அவருடையதுதானே?

பதில்: இல்லை. 1966இல் ஹெர்பி ஹேன்காக் ஒரு படத்துக்குச் செய்த இசையிலிருந்து எடுத்த சாம்பிள் அது. 1990இல் வந்த டீலைட் குழுவின் அந்தப் பாட்டில் பூட்ஸியின் குரல் உண்டு, வீடியோவிலும் இருக்கிறார்.

கேள்வி: 1980க்குப் பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று என் நண்பன் சாதிக்கிறான்.

பதில்: பேஸ் வாசிப்பை மட்டும் வைத்துப் பார்த்தால் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் ஹிப் ஹாப் பூட்ஸியையும் பார்லிமென்டையும் எடுத்து வாழவைத்தது, ராப் பாடகர் டாக்டர் டிரே 1992இல் 'லெட் மீ ரைட்' பாட்டைப் பார்லிமென்டின் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' மேல்தான் கட்டினார். 2001இல் ஃபேட்பாய் ஸ்லிம்மின் 'வெப்பன் ஆஃப் சாய்ஸ்' பாட்டில் பூட்ஸி குரல். 2021இல் சில்க் சோனிக் குழுவின் ஆல்பத்தில் அறிவிப்பாளராக வருகிறார். உடல்நிலை காரணமாக 2019இல் மேடையை விட்டார், இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள் சார். நீங்கள் எந்தக் கட்சி?

பதில்: இரண்டும் இல்லை. என் கணக்கில் உச்சம் நடுவில் இருக்கிறது, 1974, 75. அதற்கு முந்தைய ஃபங்கடெலிக்கை (கிளின்டனின் இன்னொரு குழு) கேட்டால் கிதார் கனத்த, போதை ஏறிய ராக். அபாரமான இசை, ஆனால் எங்கே போகிறது என்று அதற்கே தெரியாது. 1972இல் பூட்ஸி ஜார்ஜ் கிளின்டனிடம் போய்ச் சேர்கிறார். பார்லிமென்ட் பெயரில் 1974இல் 'அப் ஃபார் தி டவுன் ஸ்ட்ரோக்', 1975இல் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்'. பிரவுனிடம் கற்ற அந்த ஒன்று இப்போது கிளின்டனின் பைத்தியக்காரத்தனத்துக்கு அடியில் வந்து உட்கார்ந்துவிட்டது. பிரவுனின் பழைய ஆட்களான மேசியோ பார்க்கரும் ஃபிரெட் வெஸ்லியும்கூட வந்துவிட்டார்கள். 'கிவ் அப் தி ஃபங்க்' பாட்டைக் கிளின்டன், பூட்ஸி, டிரம்ஸ் ஜெரோம் பிரெய்லி மூவரும் சேர்ந்து எழுதினார்கள். அந்த ஆல்பத்தில் கோர்டெல் மாசனும் பேஸ் வாசித்திருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது, ஆனால் நடை பூட்ஸி கொண்டுவந்தது. கண்டிப்பான பள்ளியில் படித்ததை ஒரு கட்டுப்பாடும் இல்லாத கூட்டத்துக்குக் கற்றுக்கொடுத்து, இரண்டு பக்கமும் கெடாமல் பார்த்துக்கொண்டாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ரப்பர் பேண்ட் அதன் பலன்.

கேள்வி: சரி, ரப்பர் பேண்டில் ஒரே ஒரு பாட்டு? பேஸ் பழகுகிறேன், எதிலிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள் அண்ணா.

பதில்: கேட்க 1977 ஆல்பத்தில் உள்ள 'மன்ச்சீஸ் ஃபார் யுவர் லவ்'. ஒன்பது நிமிடத்துக்கு மேல் போகும், மெதுவாகத் தொடங்கி, பேஸ் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிக்கொண்டே போய்க் கடைசியில் பாட்டையே எடுத்துக்கொள்ளும்.

பழக அதை எடுக்காதீர்கள். மெட்ரோனோமை (தாளம் தட்டிக் காட்டும் கருவி) நிமிடத்துக்கு 80 அடியில் வைத்து ஒரே ஸ்வரத்தை ஒன்றில் மட்டும் வாசியுங்கள், மீதி மூன்று அடியும் இடது கையால் தந்தியை அடக்கி மௌனம். சலிப்பாக இருக்கும், பரவாயில்லை. ஒன்று தானாக விழ ஆரம்பித்த பிறகு நாலாம் அடியில் ஒரு சின்னச் சங்கதி சேருங்கள், திரும்ப ஒன்றுக்கு வந்து சேருகிறீர்களா என்று பாருங்கள். வரவில்லையென்றால் சங்கதியைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். இது உறுதியானதும் 'செக்ஸ் மெஷின்' எடுக்கலாம், பெடல் வாங்குவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.