பதில்: அம்மாவின் மறதி நோய்க்கு எதிர்ப்புச் சக்திப் பொடி கொடுக்கலாமா?

வணக்கம். மூளையின் எதிர்ப்பு செல்கள் சோர்ந்துபோனதால்தான் அம்மாவுக்கு அல்சைமர் வந்தது, அவற்றைத் தூண்டிவிட இந்தப் பொடி என்று கடலூரில் ஒரு கடையில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு வியாபாரம் செய்கிறார்கள்.

அந்த செல்களுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர். மூளையில் குப்பை அள்ளுவது, கிருமி வந்தால் மல்லுக்கு நிற்பது எல்லாம் அவைதான். அல்சைமரில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளையும் சூழ்ந்துகொண்டு விழுங்கப் பார்க்கும். டிரெம்2 என்ற மரபணுவில் ஒருவகை மாற்றம் உள்ளவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2013-இல் தெரியவந்தது, மூளையில் அந்த மரபணு முக்கியமாக வேலை செய்வதே இந்த செல்களில்தான்.

சரி, அப்போ தூண்டிவிட்டால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். இதே செல்கள் வருடக்கணக்கில் உசுப்பேறிக் கிடந்தால் அழற்சிப் பொருட்களைக் கொட்டும், நல்ல நரம்பிணைப்புகளையும் சேர்த்துத் தின்னும் (இதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்). அடக்கிப் பார்த்தும் பலனில்லை. அழற்சியை அடக்கும் நாப்ராக்சென் மாதிரி வலி மாத்திரைகளைக் கொடுத்த சோதனைகள் கைகொடுக்கவில்லை. எப்போது தூண்டுவது, எப்போது அடக்குவது என்று விஞ்ஞானிகளே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது பொடிக்கு எப்படித் தெரியும்?

புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டுங்கள். பி12 வைட்டமின் குறைந்தாலோ தைராய்டு சரியில்லாவிட்டாலோ கூட மறதி வரலாம், அவற்றைப் பார்த்தாயிற்றா? அப்புறம் ஒன்று, அம்மாவுக்குத் திடீரென்று ஓரிரு நாளில் குழப்பம் கூடினால் நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் போங்கள். போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.