வேலைக்கும், தெரிந்ததைப் பகிரவும் வாட்ஸ்அப், முகநூல், வலைப்பூ எல்லாம் உண்மையில் உதவுகின்றனவா?

உதவுகின்றன. மன்னார்குடி பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் நெற்பயிரில் ஏதாவது நோவு கண்டால் இரண்டு தூரைப் பிடுங்கிக் காகிதத்தில் சுற்றிக் கடைக்கே கொண்டு வருவார்கள். இப்போது வாட்ஸ்அப்பில் படம் வந்துவிடுகிறது. கூடவே, "அண்ணே, இது என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்று ஒரு குரல் பதிவு. ஆனால் முக்கால்வாசிப் பேர் மேலே தெரியும் இலையைத்தான் படம் எடுக்கிறார்கள். பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி உட்கார்ந்திருப்பது தூரில், தண்ணீருக்குச் சற்று மேலே. "குனிஞ்சு, தூரைப் பிரிச்சு, வெளிச்சத்துல எடுங்க" என்று ஒவ்வொருவருக்காகச் சொல்லி அலுத்து, ஒரு நாள் படங்களோடு வலைப்பூவில் எழுதினேன். நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி விடுவது, பூச்சி தெரிந்தால் யூரியாவை நிறுத்துவது, தண்ணீரை வடித்து வயலைக் காயவிடுவது எல்லாம் அதில் உண்டு. இப்போது லிங்க் அனுப்பினால் போதும். "மருந்து விற்கிற கடைக்காரரே முதலில் தண்ணியை வடிங்கன்னு எழுதலாமா?" என்று வீட்டில் கேட்டார்கள். எழுதத்தான் வேண்டும். அதைப் படித்தவர்கள்தான் அடுத்த பட்டத்துக்கு விதை வாங்க வருகிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு தப்பும் செய்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன், தாளடி (இரண்டாம் போக நெல்) நடவு நேரம். "நடவுக்கு முன்னாடி ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோட கலந்து வீசுங்க" என்று விவசாயிகள் குழுவில் போட்டேன். டிஏபி உரத்தோடு கலக்கக் கூடாது என்பதை எழுத விட்டுப்போனது. கடையில் நேரில் பேசும்போது தானாக வாயில் வந்துவிடும் வார்த்தை அது. டிஏபியில் உள்ள மணிச்சத்தும் (பாஸ்பரஸ்), ஜிங்க் சல்பேட்டில் உள்ள துத்தநாகமும் சேர்ந்தால் கரையாத பொருளாகிவிடும், பயிருக்குப் போய்ச் சேராது. ஒருவர் அடியுரமாகப் போடும் டிஏபியோடு சேர்த்தே வீசிவிட்டார். அவருக்கு நேரில் போய்ச் சொன்னேன். ஆனால் அந்தச் செய்தி அதற்குள் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை வரை போயிருந்தது. வேறொரு குழுவில் எனக்கே திரும்பி வந்தது, அதே குறையோடு. யார் யார் கைக்குப் போனது என்று தெரியாமல் யாரிடம் போய்த் திருத்துவது? அந்த வாரம் சரியாகத் தூங்கவில்லை.

அப்புறம்தான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மேட்டூரில் தண்ணீர் எவ்வளவு, ஜூன் 12 திறப்பார்களா, எந்த விதை வந்திருக்கிறது மாதிரி அன்றன்றைய சேதி முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும். அளவு, கலவை, எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதெல்லாம் வலைப்பூவில் மட்டும், தேதி போட்டு. குழுவில் யாராவது அளவு கேட்டாலும் லிங்க்தான் தருவேன். சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

போன தாளடியில் கோட்டூர் பக்கத்துத் தம்பி ஒருவர் ஜிங்க் பற்றி வலைப்பூவில் நான் எழுதிய பதிவைப் படித்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, எங்க மண் பரிசோதனைச் சீட்டுல ஜிங்க் போதுமான அளவு இருக்குன்னு போட்டிருக்கு. அப்பவும் வீசணுமா?" வேண்டாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, பதிவின் முதல் வரிக்கு மேலேயே அதைத் தேதியோடு சேர்த்தேன்.