கண்ணாடி போட்டால் பவர் ஏறுமா?

வாசகர் கேள்வி - பதில்

முதல்முறை கண்ணாடி போடுகிறவர்கள் என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்ததில் பாதிக்குப் பாதி ஒரே கேள்விதான், அதையே முதலில் வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆப்டோமெட்ரி படித்துவிட்டு புரசைவாக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் 23 வருடமாகப் பவர் பார்க்கிறவள். அதனால் சில இடங்களில் 'டாக்டரிடம் காட்டுங்கள்' என்று மட்டும்தான் சொல்வேன், கைகழுவுகிறாள் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: மகளுக்கு 9 வயது, நாலாம் வகுப்பு. ஸ்கூலில் கண் பரிசோதனை செய்தபோது போர்டு சரியாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் காட்டினால் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 1.75 என்கிறார்கள். மாமியார், 'இப்பவே மாட்டிவிட்டா வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகும், கேரட்டும் பொன்னாங்கண்ணியும் கொடு' என்கிறார். ஸ்கூலில் மட்டும் போட்டால் போதுமா மேடம்? பெண் பிள்ளை வேறு. (ஒரு அம்மா, வில்லிவாக்கம்)

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. பவர் ஏறும். ஆனால் கண்ணாடியால் ஏறுவதில்லை.

மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை, பக்கத்தில் தெரியும், தூரத்தில் மங்கும். கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கண்ணின் உருண்டை முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டிருக்கும். அதனால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரை மேல் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடும். பிள்ளை வளர வளர அதுவும் நீளும், அநேகமாகப் பதினெட்டு இருபது வயது வரை. கண்ணாடி போட்டாலும் ஏறும், போடாவிட்டாலும் ஏறும். போட்டவர்கள் வருடா வருடம் பவர் பார்ப்பதால் ஏறியது தெரிகிறது, போடாதவர்கள் பார்ப்பதே இல்லை, அதனால் தெரிவதில்லை. போன தீபாவளிக்கு எடுத்த பாவாடை இந்தத் தீபாவளிக்கு எட்டவில்லை என்றால் பாவாடையையா திட்டுகிறோம்?

மைனஸ் 1.75 என்றால் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போடலாம். 1-ஐ 1.75-ஆல் வகுத்தால் 0.57 மீட்டர் வரும். அதாவது 57 சென்டிமீட்டர், இரண்டடிக்கும் குறைவு. அதுவரைதான் உங்கள் மகளுக்குத் தெளிவு, அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் தள்ளிப் போகப் போக மங்கல். ஸ்கூலில் போர்டு மட்டும் இல்லை, தெருவில் எதிரே வருகிறவர் முகமும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. அவள் ஒருநாளும் வந்து 'தெரியலம்மா' என்று சொல்லியிருக்க மாட்டாள், ஏனென்றால் எல்லோருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்திருப்பாள். நானும் அப்படித்தான் இருந்தேன். வீடு பெரம்பூர். பஸ் நம்பர் என்பது பஸ் பக்கத்தில் வந்து நின்ற பிறகு படிப்பது என்றே நினைத்திருந்தேன். ஸ்டாப்பில் யார் ஓடுகிறார்களோ அவர்கள் பின்னால் ஓடி ஏறிவிட்டு, இது 29சி-யா என்று கண்டக்டரிடம் கேட்பேன். தினமும் கேட்டதில் அவர்தான் ஒருநாள், 'பாப்பா, உங்க அப்பாவைக் கண் டாக்டரைப் பார்க்கச் சொல்லு' என்றார். ஏழாம் வகுப்பில், மைனஸ் 2.25-ல் தொடங்கியது என் கதை.

அதனால் ஸ்கூலில் மட்டும் என்றெல்லாம் வேண்டாம். இந்தப் பவருக்குக் காலையில் எழுந்ததிலிருந்து தூங்கப் போகும் வரை போடட்டும். பவரைக் குறைத்துக் கொடுத்தால் ஏறாது என்று முன்பு கண்ணாடிக்காரர்களிலேயே பலர் நம்பினார்கள். மலேசியக் குழந்தைகளிடம் அதைச் சோதித்துப் பார்த்து 2002-ல் வெளியான ஆய்வில், குறைவான பவர் போட்ட பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வேகமாகவே ஏறியிருந்தது.

கேரட், கீரை எல்லாம் தாராளமாகக் கொடுங்கள். வைட்டமின் ஏ குறைந்து வரும் மாலைக்கண்ணுக்கு அது உதவும். நீண்டுபோன கண்ணைக் கீரை சுருக்காது. நிஜமாகவே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் பிள்ளையை வெளியே விடுங்கள். பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரம் இருக்கிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது, தைவானில் இதைப் பள்ளிகளிலேயே திட்டமாக நடத்துகிறார்கள். ஏற்கெனவே வந்துவிட்ட பிள்ளைக்கு இதனால் எவ்வளவு பலன் என்று கறாராகச் சொல்ல முடியாது, கெடுதல் ஒன்றும் இல்லை. நம் ஊர் மே மாத வெயிலில் மத்தியானம் விடச் சொல்லவில்லை. நாலரைக்கு மேல் மொட்டை மாடியோ பார்க்கோ போதும், அந்த நேரத்து டியூஷனைத் தள்ளிவைக்க முடியுமா பாருங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்த்தார்களா? பிள்ளைகளின் கண் தசை ரொம்பச் சுறுசுறுப்பு, தானாகவே இழுத்துப் பிடித்து மைனஸை அதிகமாகக் காட்டிவிடும். மருந்து விட்டு அந்தத் தசையைத் தளர்த்திப் பார்த்தால்தான் உண்மையான பவர் தெரியும். விட்டால் ஒருநாள் முழுக்க, சில மருந்துக்கு அதற்கு மேலும், பக்கத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும், பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வேகமாக ஏறினால் மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து சிலருக்குக் கொடுக்கிறார்கள், அது டாக்டர் முடிவு.

பிரேம் வாங்கும்போது 'வளர்ற பிள்ளை' என்று யூனிபார்ம் மாதிரி ஒரு சைஸ் பெரிதாக எடுக்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு பேராவது இதைச் செய்கிறார்கள். பெரிய பிரேம் மூக்கில் வழுக்கும், பிள்ளை கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்க்கும், போட்டதற்கே அர்த்தம் இல்லை. கண்மணி லென்ஸின் நடுவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். லென்ஸ் பாலிகார்பனேட் என்று கேட்டு வாங்குங்கள், பந்து பட்டாலும் எளிதில் சிதறாது. பெண் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆண் பிள்ளையாக இருந்தால் என்ன செய்திருப்பீர்களோ அதையே செய்யுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் முதல்முறை கண் டெஸ்ட். 'இது தெளிவா, அது தெளிவா' என்று மாற்றி மாற்றிக் கேட்பார்களாமே, தப்பாகச் சொல்லிவிட்டால் தப்பான கண்ணாடி வந்துவிடுமா? சிரிக்காதீர்கள் அக்கா. (கல்லூரி மாணவி, கொளத்தூர்)

பதில்: சிரிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர்களே இந்த நாற்காலியில் பரீட்சை எழுதுகிற மாதிரி உட்கார்வார்கள். ஒருமுறை தம்பி ஒருவன் அக்காவுக்குப் பின்னால் நின்று போர்டு எழுத்தை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டான், அவன் முறை வந்ததும் ஒரு கண்ணை மூடச் சொன்னால் இரண்டையும் மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தான்.

நீங்கள் பேசுவதற்கு முன்பே எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். முதலில் ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொல்வோம், உள்ளே நீளமான ரோடு, அதன் கோடியில் ஒரு பலூன். பலூனைப் பார்க்கும்போது கண் தூரத்தைப் பார்ப்பதாக நினைத்துத் தளரும், அந்த நேரத்தில் மெஷின் தோராயமாக ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். அதை வைத்துக்கொண்டு கால் கால் பவராக மாற்றித்தான் கேட்கிறோம். ஒரு இடத்தில் தப்பாகச் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள், அதற்காகத்தான் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்பது. 'ரெண்டும் ஒண்ணாதான் இருக்கு' என்பதும் சரியான பதில், சொல்லப்போனால் கடைசியில் நாங்கள் எதிர்பார்ப்பதே அதுதான். ஒன்று மட்டும் செய்யாதீர்கள், கண்ணைச் சுருக்கிப் படிக்காதீர்கள். சுருக்கினால் பவர் உள்ளவருக்கும் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், கணக்குக் கெட்டுவிடும்.

சீட்டில் 6/6 என்று எழுதியிருந்தால் அது மார்க் இல்லை. நல்ல கண்ணுக்கு 6 மீட்டரில் தெரிவது உங்களுக்கும் 6 மீட்டரில் தெரிகிறது என்று பொருள். 6/18 என்றால் மற்றவர் 18 மீட்டரிலிருந்து படிப்பதைப் படிக்க நீங்கள் 6 மீட்டருக்கு வர வேண்டும். நெதர்லாந்து டாக்டர் ஸ்னெல்லன் 1862-ல் கொண்டுவந்த முறை இது, இன்றைக்கும் ஓடுகிறது.

கேள்வி: வயது 24. முதல் கண்ணாடி, வலது கண்ணுக்கு சிலிண்டர் 1.25. போட்டுப் பத்து நாள் ஆகிறது. தரை ஒரு பக்கம் சரிந்த மாதிரி இருக்கிறது, சாயங்காலம் ஆனால் தலைவலி. கடையில் 'பழகிடும் சார்' என்கிறார்கள். எவ்வளவு நாள்தான் பழகுவது? (பைக்கில் டெலிவரி செய்பவர், வேளச்சேரி)

பதில்: தம்பி, தரை சரிவது சிலிண்டர் பவரில் நடக்கும். அந்த லென்ஸ் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேலை செய்யாது, ஒரு திசையில் கொஞ்சம் கூடுதலாகப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ காட்டும், மூளை அதைச் சரிசெய்துகொள்ள ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும். ஆனால் கழற்றிக் கழற்றிப் போட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கும். விடாமல் போட்டும் பத்து நாளில் தலைவலி குறையவே இல்லை என்றால் 'பழகிடும்' என்ற பேச்சை நிறுத்திவிட்டு அளக்கச் சொல்ல வேண்டியதுதான்.

மூன்று விஷயம் அளக்க வேண்டும். லென்ஸின் பவரும் ஆக்ஸிஸும் (சிலிண்டர் பவர் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்ற எண்) சீட்டில் உள்ளபடி இருக்கிறதா, இது லென்ஸை அளக்கிற லென்சோமீட்டரில் ஐந்து நிமிட வேலை. ஆக்ஸிஸ் பத்து டிகிரி திரும்பியிருந்தாலே உங்களுக்குத் தெரியும். அடுத்தது பி.டி. (PD), அதாவது இரண்டு கண்மணிக்கும் நடுவே உள்ள தூரம். பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் போல வரும், ஆளுக்கு ஆள் மாறும். இதை அளக்காமலே சராசரியைப் போட்டு லென்ஸ் வெட்டிக் கொடுக்கிற கடைகள் உண்டு. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இழுப்பு இல்லை, இரண்டையும் திறந்தால்தான் இழுக்கிறது என்றால் அநேகமாக பி.டி. கோளாறு. மூன்றாவது பிரேம். கண்ணாடியைத் தலைகீழாக மேஜை மேல் வையுங்கள், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடினால் பிரேம் கோணல். உங்கள் தொழிலுக்கு இதுதான் அடிக்கடி நடக்கும், ஏனென்றால் கண்ணாடியோடு ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றுவீர்கள். ஹெல்மெட்டை முதலில் போட்டு அப்புறம் கண்ணாடியைச் சொருகுங்கள், கழற்றும்போது கண்ணாடி முதலில். காம்பு மெல்லியதாக, நேராக இருக்கிற பிரேம் என்றால் சுலபம்.

சீட்டில் இல்லாத மாதிரி லென்ஸ் இருந்தால் மாற்றித் தர வேண்டியது கடையின் பொறுப்பு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் வேலை. திரையின் நீல ஒளியைத் தடுக்கும் என்று ப்ளூ கட் லென்ஸுக்கு 800 ரூபாய் கூடக் கேட்கிறார்கள். அவசியமா? (பெருங்குடி)

பதில்: இல்லை. ப்ளூ கட் போட்டால் கண் களைப்பு குறைவதாகத் தெரியவில்லை என்று 17 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் அமைப்பு 2023-ல் சொல்லிவிட்டது. நானும் இதை விற்றிருக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதே குறைந்துவிடுகிறது, ஏசி வேறு, கண் காய்ந்து எரிகிறது. அந்த 800 ரூபாயை வெளிச்சம் பிரதிபலிக்காத கோட்டிங்குக்குக் கொடுங்கள், இரவில் வண்டி ஓட்டும்போது வித்தியாசம் தெரியும்.

கேள்வி: சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பவர் குறையுமா? (அயனாவரம்)

பதில்: நல்ல தூக்கம் வரும்.

கேள்வி: தையல் வேலை செய்கிறேன், வயது 46. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அம்மா 'சாளேசரம் வந்துடுச்சு' என்கிறாள். பிளாட்பாரத்தில் 150 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டேன், நன்றாகத்தான் தெரிகிறது. அதுவே போதுமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: அம்மா சொன்னது சரி, வெள்ளெழுத்துதான். நாற்பதுக்கு மேல் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிப்போய் வளைந்து கொடுப்பதில்லை, யாருக்கும் விதிவிலக்கு இல்லை. 150 ரூபாய்க் கண்ணாடி கண்ணைக் கெடுக்காது ஐயா. இரண்டு பக்கமும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது, அவ்வளவுதான் அதன் குறை. அவசரத்துக்குப் பையில் ஒன்று இருக்கட்டும்.

எனக்குக் கவலை வேறு. பிளாட்பாரக் கடைக்காரர் உங்கள் கண்ணின் பிரஷரைப் பார்க்க மாட்டார். நாற்பதுக்கு மேல் அதைப் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் பிரஷர் ஏறிக் கண் நரம்பைக் கெடுக்கிற நோய் கிளாக்கோமா. அது பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே வரும், போனது திரும்பாது. சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். என்னிடம் வந்த ஒருவர் இரண்டு மாதத்தில் மூன்று கண்ணாடி மாற்றினார், மூன்றும் சரியில்லை என்று என்னோடு சண்டை. கடைசியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை 340. சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் உப்பி வற்றும், பவரும் அதோடு ஆடும். கட்டுக்குள் கொண்டுவந்து சில வாரம் கழித்துப் பார்த்தால்தான் நிலையான பவர் கிடைக்கும். முதலிலேயே கேட்காதது என் தப்பு, இப்போதெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் லென்ஸ் பெட்டியைத் திறக்கிறேன்.

செலவுக்குப் பயந்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. 1819-ல் தொடங்கியது, உலகத்திலேயே பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. காலையிலேயே போய்விடுங்கள். பவர் பார்க்கும்போது உங்கள் துணியையும் ஊசியையும் கையோடு கொண்டு போங்கள். பேப்பர் படிக்கிற தூரம் வேறு, நீங்கள் மெஷின் முன்னால் குனிகிற தூரம் வேறு. உட்காருகிற மாதிரியே உட்கார்ந்து காட்டி, அந்த தூரத்தை டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். டேப்தான் உங்கள் கழுத்திலேயே தொங்குமே.

கேள்வி: ஏசி மெட்ரோவிலிருந்து இறங்கினால் கண்ணாடி பனி மூடிவிடுகிறது. மூக்கில் படுகிற இடத்தில் பச்சையாக வேறு படிகிறது. மட்டமான பிரேமா? (ஆலந்தூர்)

பதில்: பனி மூடுவது நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம், குளிர்ந்த லென்ஸில் பட்டுத் தண்ணீராகிறது. அரை நிமிடம் நில்லுங்கள், தானே போய்விடும். துப்பட்டாவாலும் சட்டை முனையாலும் துடைக்காதீர்கள், அதில் இருக்கிற தூசிதான் லென்ஸைக் கீறுவது. ராத்திரி வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணீரில் நனைத்து, பாத்திரம் கழுவுகிற லிக்விட் ஒரு சொட்டு விட்டு, விரலால் தேய்த்துக் கழுவுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், வெயிலில் நிற்கிற கார் டாஷ்போர்டிலும் வைக்காதீர்கள், கோட்டிங் வெடித்துவிடும். பச்சை என்பது களிம்பு, மெட்டலில் கலந்திருக்கிற செம்பு வியர்வை பட்டுக் களிம்பேறுகிறது. நல்ல பிரேமிலும் வரும். கடையில் கொடுத்தால் நோஸ் பேட் இரண்டையும் மாற்றித் தருவார்கள், பல கடைகளில் அதற்குக் காசே வாங்குவதில்லை.