மானியத்தில் சோலார் பம்பி: 3 குதிரைவலு எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, நெடுங்கேணிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் மேட்டுக்காணி இருக்கிறது. கட்டுக்கிணறு 15 அடி விட்டம், 24 அடி ஆழம். சிறுபோகத்தில் ஒரு ஏக்கரில் மிளகாய் வைக்கிறேன். மண்ணெண்ணெய் மெஷினுக்கு நாளைக்கு 3 லீற்றர் வேண்டும், போகம் முடிய 60,000 ரூபா அதற்கே போய்விடுகிறது. இப்போது பாதி மானியத்தில் சோலார் பம்பி தருகிறார்கள். 1 குதிரைவலு என்றால் என் பங்கு 190,000, 3 குதிரைவலு என்றால் 360,000. "மானியம் திரும்ப வராது, பெரியதையே எடுங்கள், இரண்டரை ஏக்கரும் செய்யலாம்" என்கிறார் கடைக்காரர். காசுக்கு வங்கிக் கடன்தான், 14 வீத வட்டி. ஆனி மாதம் காலையில் கிணற்றில் 8 அடி தண்ணீர் நிற்கும். 3 மணித்தியாலம் இறைத்தால் சேறு வரும், மறுநாள் காலை 6 அடி ஊறியிருக்கும். அண்ணன் மகன், மிச்சக் காணியில் பனல் போட்டு மின்சார சபைக்குக் கரண்ட் விற்கலாம் என்கிறான். பதிவு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, சோலார் எடுங்கள். ஆனால் 3 குதிரைவலு வேண்டாம். ஏன் என்பதற்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

15 அடி விட்டக் கிணற்றில் ஓர் அடி தண்ணீர் என்றால் ஏறக்குறைய 5,000 லீற்றர். இரவில் 6 அடி ஊறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் ஆனியில் உங்கள் கிணறு ஒரு நாளைக்குத் தருவது 30,000 லீற்றர். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் ஒரு ஏக்கர் மிளகாய்க்கு நாளைக்கு 24,000, 25,000 லீற்றர் வேண்டும். வாய்க்காலில் விட்டால் அதற்கு மேலும் போகும். ஆக உங்கள் கிணறு ஒரு ஏக்கர் கிணறு. 3 குதிரைவலு பம்பி பூட்டினால் அது இரண்டரை ஏக்கர் கிணறாக மாறாது. நீங்கள் இப்போது 3 மணித்தியாலத்தில் காணும் சேற்றை அரைவாசி நேரத்தில் காண்பீர்கள், அவ்வளவுதான். அப்புறம் நாள் முழுக்க வெயில் பனலில் வீணாக விழும், நீங்கள் கிணற்றடியில் ஊற்றைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

நெடுங்கேணியில் நிலத்துக்குக் கீழே கருங்கல். அதற்கு மேலுள்ள உக்கிய பாறையிலும் மண்ணிலும் மாரி மழை தேக்கிவைத்த தண்ணீர்தான் நம் கிணற்றுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளைப் பார்த்து இங்கே கணக்குப் போட முடியாது. மேலே இருக்கும் சிறு குளத்தில் தண்ணீர் நின்றால் கிணறு ஊறும், குளம் வற்றினால் கிணறும் இறங்கும். பக்கத்தில் இன்னொரு கிணறு வெட்டினாலும் அதே தண்ணீரைத்தான் இரண்டாகப் பங்கு போடுவீர்கள்.

இனிக் காசுக் கணக்கு. எந்தப் பம்பி பூட்டினாலும் கிணறு தருவது அதே 30,000 லீற்றர் என்பதால், மிச்சமாகும் மண்ணெண்ணெய்க் காசும் அதே 60,000 ரூபாதான். 360,000 ரூபாவை 14 வீதத்துக்கு எடுத்தால் முதல் வருட வட்டி மட்டும் 50,400. மிச்சப்படுத்தும் காசு முழுவதையும் கட்டினாலும் கடன் தொகையில் கழிவது 9,600 ரூபா. இப்படியே போனால் கடன் முடிய ஏறக்குறைய 14 வருடம். 190,000 ரூபா எடுத்தால் முதல் வருட வட்டி 26,600, கடன் நாலரை வருடத்தில் முடிந்துவிடும். அரசாங்கம் பாதி தந்தும் பெரிய பம்பி கட்டுப்படியாகவில்லை. மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் தேவையை மறந்துவிடுகிறார்கள். 360,000 உங்கள் கடன், உங்கள் கையெழுத்து. கிணற்றை எட்டிப் பார்க்காமல், கயிறு விட்டு அளக்காமல் குதிரைவலு சொல்லும் கடைக்காரரைப் படலைக்கு உள்ளே விடாதீர்கள். அவருக்குப் பெரிய பெட்டி விற்றால் பெரிய லாபம். சேறு வரும் நாளில் அவர் உங்களோடு கிணற்றடியில் நிற்கமாட்டார்.

1 குதிரைவலு போதுமா என்று பயப்பட வேண்டாம். 30,000 லீற்றரை 35 அடி உயர்த்த, பம்பியின் சேதாரத்தையும் சேர்த்து, இரண்டு முதல் இரண்டரை யூனிற் மின்சாரம் போதும். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாற் பனல் நாளைக்கு 4 யூனிற் அளவில் தரும். காலை எட்டரை மணிக்குத் தொடங்கி மாலை வரை பம்பி மெதுவாக இழுக்கட்டும். ஊற ஊற எடுக்கலாம், அடிச்சேறு கலங்காது, நீங்களும் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை.

நான் சண்டைபிடித்தாவது சொல்வது ஒன்று உண்டு: தொட்டி கட்டுங்கள். சோலார் எடுத்த பத்துப் பேரைப் பார்த்தால் தொட்டி கட்டியவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் குழாயை நேரே வாய்க்காலில் விட்டுவிட்டு, உச்சி வெயிலில் கொதிக்கும் மண்ணுக்கு இறைக்கிறார்கள். முகில் வந்தால் தண்ணீர் நூலாக வரும், பாத்தி பாதியில் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு, பற்றரி வைத்தால் சரியாகும் என்று ஒருவர் வருவார். தோட்டத்துக்குப் பற்றரி வாங்கவே வாங்காதீர்கள். ஈய அமிலப் பற்றரி நம் வெக்கையில் மூன்று நாலு வருடம் ஓடினால் பெரிய விஷயம். தொட்டியில் நிற்கும் தண்ணீர்தான் உங்கள் பற்றரி. ஒருமுறை கட்டினால் பிள்ளைகள் காலம் வரை இருக்கும். காணியின் மேட்டுப் பக்கத்தில் 4 அடி மேடை போட்டு ஒரு தொட்டி கட்டுங்கள். பகலில் பம்பி நிரப்பும், மாலை நாலரைக்குப் பிறகும் விடியற்காலையிலும் நீங்கள் திறந்துவிடலாம். கால் ஏக்கர் கால் ஏக்கராகத் திறந்தால் குறைந்த அழுத்தத்தில் ஓடும் சொட்டுநீர்க் குழாய்க்கும் அந்த உயரம் காணும். மிளகாய் அடிக்கு வைக்கோல் மூடாக்குப் போடுங்கள், களத்தில் கொளுத்த வேண்டாம். பெரிய பம்பிக்கென்று கடன்பட நினைத்த 170,000 ரூபாவில் ஒரு பகுதியை இதில் போட்டால், அந்த ஒரு ஏக்கரில் பூவும் பிஞ்சும் கொட்டாமல் நிற்கும். ஒன்றேகால் ஏக்கர் வரை போகவும் இடமிருக்கும். இரண்டரை ஏக்கர் கனவை விட்டுவிடுங்கள். மிச்சத்தில் காலபோக மழைக்கு உழுந்தும் கச்சானும் போடலாம்.

மண்ணெண்ணெய் மெஷினை விற்க வேண்டாம். நான் சேவையில் இருந்த காலத்தில் செட்டிகுளம் பக்கம் ஒருவர் சோலார் வந்த கையோடு மெஷினை விற்றார். அடுத்த வருடம் ஆடியில் பம்பியின் கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்தது. விற்ற கம்பெனி கொழும்பில். ஆள் வர மூன்று வாரம். மிளகாய் காயும் பூவுமாக நின்ற தோட்டம் கருகியதை அவரோடு நின்று பார்த்தேன், அது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. பனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள். பனல் நிற்கும்தான். பழுதாவது பெட்டியும் மோட்டரும். அவற்றுக்கு எத்தனை வருடம், வவுனியாவில் யார் திருத்துவார், எத்தனை நாளில் வருவார் என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்து வையுங்கள். கடன் முடிந்த பிறகும் வருடம் 10,000 ரூபா தனியே எடுத்து வையுங்கள், பெட்டி ஒருநாள் போகத்தான் செய்யும்.

பனலைத் தெற்குப் பார்த்து 10 பாகை சரிவில் வையுங்கள். வேம்பு, பனை நிழல் ஒரு மூலையிலும் விழக்கூடாது. 2020 மார்கழியில் புரெவிப் புயல் கரையேறியது முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் என்பதை மறக்காமல் கால்களைக் கொங்கிறீற்றில் இறக்குங்கள். குரங்கு ஏறிக் குதிக்கும் இடம் என்றால் வீட்டுப் பக்கமாக வைத்து வயரை இழுங்கள்.

அண்ணன் மகன் சொல்வதற்கும் வருகிறேன். 2016 இல் கூரைச் சோலார் திட்டம் தொடங்கியபோது, சபைக்கு விற்கும் யூனிற்றுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, பிறகு 13 வருடம் 15.50 ரூபா என்று ஒப்பந்தம் போட்டார்கள். விலை பிறகு ஏறவும் செய்தது, 2025 இல் புதிதாகச் சேர்பவர்களுக்குக் குறைந்தது. அதே வருடம் மாசி 9, ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் நின்று நாடு முழுக்க இருண்டது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குக் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்திவைக்கும்படி சபையே கேட்டது. பகலில் மின்சாரம் கூடிப்போகிறது, வாங்க ஆள் இல்லை என்பதுதான் இப்போதைய பிரச்சினை. அதோடு வன்னியில் நம் வீடுகள் நீண்ட லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கின்றன. நடுப்பகலில் லைனில் மின்னழுத்தம் ஏறினால், பனல் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும், அந்த நேரம் வருமானமும் இல்லை. கடன் வாங்கி இதில் இறங்க வேண்டாம். வீட்டுப் பாவனைக்கு என்றாலும், மாதம் 60 யூனிற்றுக்குள் எரிக்கும் வீட்டுக்குச் சோலார் லாபமில்லை.

மண்ணெண்ணெயை நம்பி இருக்கச் சொல்லமாட்டேன். 90களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வன்னி பட்ட பாடு நமக்குத் தெரியும். 2022 ஆவணியில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அந்த வருடம் எரிபொருள் வரிசையில் நின்றபோது எத்தனை தோட்டம் காய்ந்தது! அந்தப் பயத்துக்காகவே 1 குதிரைவலு சோலார் எடுங்கள் என்கிறேன்.

பதிவு முடிய இன்னும் நாள் இருக்கிறது. ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, மூன்று நாள் காலையில் இறைக்க முதலும் இறைத்த பிறகும் கிணற்றில் விட்டு அளந்து எழுதி அனுப்புங்கள். மேலே உள்ள குளத்தில் இப்போது எவ்வளவு தண்ணீர் என்றும் சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் குழாயின் அளவும் தொட்டியின் அளவும் சொல்ல வேண்டும்.