வரப்புத் தகராறுக்கு நேரே ஹைகோர்ட் போகலாமா?

பூம்பாறையிலிருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்கிறார். பக்கத்து நிலத்துக்காரர் கல்லுக்கட்டை இடித்துவிட்டு இவர் பூண்டுக் காட்டுக்குள் நாலு அடி வந்துவிட்டாராம். ‘கொடைக்கானல் கோர்ட்டில் போட்டால் இழுத்துக்கொண்டே போகும், மதுரை ஹைகோர்ட்டில் நேரே போடலாம், அங்கே அடுத்து வரப்போகிற ஜட்ஜ் நமக்கு வேண்டியவர், ஐம்பதாயிரம் கொடுங்கள்’ என்று ஒருவர் வீடு தேடி வந்து சொல்கிறாராம். கொடுக்கலாமா என்பது கேள்வி.

கொடுக்காதீர்கள். நிலம் எங்கே இருக்கிறதோ அந்த எல்லைக்குட்பட்ட கோர்ட்டில்தான் வழக்குப் போட முடியும், உங்களுக்கு அது கொடைக்கானல் முன்சீப் கோர்ட். வழக்கின் மதிப்பு கூடினால் சார்பு நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம். முன்சீப் கோர்ட்டில் தொடங்கிய வழக்கு என்றால், அங்கேயும் முதல் மேல்முறையீட்டிலும் தோற்ற பிறகு இரண்டாம் மேல்முறையீட்டுக்குத்தான் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை, அதுவும் முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால் மட்டும்.

‘சென்னையில் என் மச்சான் நேரே ஹைகோர்ட்டில்தானே போட்டான்’ என்று யாராவது சொல்வார்கள். போட்டிருப்பார். சென்னை மாநகருக்குள் உள்ள சொத்து, மதிப்பு ஒரு கோடிக்கு மேல் என்றால் சிவில் வழக்கை சென்னை ஹைகோர்ட்டே முதலில் விசாரிக்கும். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் அந்த அதிகாரம் சென்னை நகரத்துக்கு மட்டும்தான். 2004-ல் திறந்த மதுரைக் கிளைக்கு அது கிடையாது, உங்கள் நிலம் பத்துக் கோடி பெறும் என்றாலும் கிடையாது. இந்த ஒரு விதிவிலக்கைக் காட்டித்தான் பாதிப் பேரை ஏமாற்றுகிறார்கள்.

மீதிப் பேர் விழுவது ரிட் மனுவில், அதாவது அரசு அதிகாரிக்கு உத்தரவு போடச் சொல்லி ஹைகோர்ட்டில் கேட்கும் மனுவில். தாசில்தார் அளந்து தரவில்லை என்று மதுரையில் ரிட் போடுவார்கள், ‘மனுவை 12 வாரத்துக்குள் பரிசீலிக்கவும்’ என்று உத்தரவு வரும், ‘ஜெயித்துவிட்டோம்’ என்று இனிப்புக் கொடுத்து மீதிப் பணத்தையும் வாங்கிக்கொள்வார்கள். பரிசீலிக்கவும் என்றால் நிலம் உங்களுடையது என்று அர்த்தமில்லை. தாசில்தார் பரிசீலித்துத் தள்ளுபடியும் செய்யலாம். தாலுகா ஆபீஸில் ஒரு சர்வேயர் நேரத்துக்கு வந்து சங்கிலி பிடித்திருந்தால் இவ்வளவும் தேவையே இல்லை, அதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

சரி, அந்த ‘வேண்டிய ஜட்ஜ்’. முன்சீப்பாக வருகிறவர் டிஎன்பிஎஸ்சி நடத்தும் சிவில் நீதிபதி தேர்வு எழுதி வருகிறவர். மாவட்ட நீதிபதிகளில் பெரும்பாலானோர் கீழிருந்து பதவி உயர்ந்தவர்கள், கொஞ்சம் பேர் ஏழு வருடமாவது வக்கீலாக இருந்துவிட்டு நேரடித் தேர்வில் வருகிறார்கள். இவர்களை எந்த ஊரில் போடுவது என்பது ஹைகோர்ட் கையில். ஹைகோர்ட் நீதிபதியை கொலீஜியம் என்கிற மூத்த நீதிபதிகள் குழு பரிந்துரைக்க வேண்டும், அது உச்ச நீதிமன்றம், மத்திய அரசு எல்லாம் தாண்டி ஜனாதிபதி கையெழுத்தில் முடிய வேண்டும். அப்புறமும் எந்த வகை வழக்கை யார் கேட்பது என்று தலைமை நீதிபதிதான் பிரித்துத் தருவார். இதில் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காபி குடிக்கிறவருக்கு எங்கே இடம்? சென்னை, மதுரை இரண்டுக்கும் சேர்த்து அனுமதித்திருக்கும் இடங்கள் 75. இருக்கிற காலியிடத்தை நிரப்பவே இழுத்தடிக்கிறார்கள், அந்தத் தாமதத்தை வைத்துத்தான் இந்த ஆட்கள் பிழைக்கிறார்கள்.

முதலில் நிலத்தின் அளவைக் காட்டும் புலப்பட நகல் வாங்குங்கள், அளக்கப் பணம் கட்டி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் முன்சீப் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டு, கோர்ட் நியமிக்கும் வக்கீல் கமிஷனரை வைத்து அளக்கவும் மனுப் போடுங்கள். நிலம் உங்கள் வீட்டு அம்மா பேரில் இருந்தால் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100-க்குப் போன் செய்தால் சட்டப்பணிகள் குழுவைக் கேட்கலாம். வழக்குப் பதிவானதும் சிஎன்ஆர் என்கிற 16 இலக்க வழக்கு அடையாள எண்ணை வாங்கிக்கொண்டால் வாய்தா தேதியைப் பிள்ளைகளின் போனிலேயே பார்க்கலாம். வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஆள் மறுபடி வந்தால், வக்கீல்களைப் பதிவு செய்யும் பார் கவுன்சிலில் அவருடைய பதிவு எண் என்ன என்று கேளுங்கள்.