டியூஷனுக்கு முன் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. வாயால் கேட்டால் டக்கென்று சொல்கிறான். எழுதினால் எந்தப் பாடத்திலும் முப்பதைத் தாண்டுவதில்லை. ‘மெல்லக் கற்கும் மாணவர்’ பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். டியூஷனில் விட்டால் சரியாகுமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: வாயால் சரியாகச் சொல்கிற பிள்ளைக்குப் பாடம் புரிகிறது என்றுதான் பொருள். எல்லாப் பாடத்திலும் ஒன்றுபோல மதிப்பெண் குறைந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம் ஒன்றைத் தேட வேண்டும். பெரும்பாலும் அது வாசிப்பு.

இன்று மாலையே சோதித்துவிடலாம். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் ஒன்றை அக்கம்பக்கத்தில் வாங்கி, அவன் படித்திராத பகுதியில் பத்து வரியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நடுவில் திருத்தாதீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறானா, முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறானா, கெ-கே, கொ-கோ, ல-ள-ழ மாறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு புத்தகத்தை மூடி இரண்டு கேள்வி கேளுங்கள். தட்டுத்தடுமாறி வாசித்து, என்ன படித்தோம் என்றும் சொல்ல முடியாவிட்டால், எழுத்தைக் கூட்டுவதிலேயே அவன் கவனமெல்லாம் தீர்ந்துபோகிறது. கணக்கிலும் இது தெரியும். ‘48-ஐ 6-ஆல் வகு’ என்றால் போட்டுவிடுவான். ‘48 மாம்பழங்களை 6 கூடைகளில் சமமாக வைத்தால் ஒரு கூடையில் எத்தனை?’ என்று எழுதிக் கொடுத்தால் விழிப்பான். அதைக் கணக்கு வராதவன் என்று எழுதிவிடுகிறோம். பெரிய அநியாயம் அது.

இந்த நிலையில் டியூஷன் உதவாது. ஏழாம் வகுப்பு கைடு விடைகளை நெட்டுருப் போட வைப்பார்கள். வாசிப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் பதில் தினமும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். ஐம்பது அறுபது சொற்கள் உள்ள ஒரே பத்தியை எடுத்து, முதலில் நீங்கள் விரல் வைத்து வாசியுங்கள், அடுத்து இருவரும் சேர்ந்து, பிறகு அவன் மட்டும். மூன்று நாள் அதே பத்தி, நான்காம் நாள் புதியது. தமிழில் சொற்கள் ஒட்டி நீளும். அங்கேதான் பிள்ளைகள் விழுவார்கள். ‘ஓடிக்கொண்டிருந்தார்கள்’ என்பதை ‘ஓடி – கொண்டு – இருந்தார்கள்’ என்று பென்சிலால் பிரித்துக் காட்டிவிட்டு, சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். தவறினால் உடனே குறுக்கிடாமல், வாக்கியம் முடிந்தபின் அந்தச் சொல்லுக்குத் திரும்புங்கள்.

கூடவே கண்ணையும் காதையும் பாருங்கள். பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்குவது, அடிக்கடி காதில் சீழ் வருவது ஆகியவை இருந்தால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மூன்று மாதம் விடாமல் பயிற்சி கொடுத்தும் மாற்றமே இல்லை என்றால் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கலாம். தலைமையாசிரியர் மூலம் வட்டார வள மையத்திலுள்ள சிறப்புப் பயிற்றுநரைப் பார்க்கலாம்.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பு. இரவு பதினொன்றரை வரை படிக்கிறாள், விடிகாலை நான்குக்கு எழுகிறாள். ஒவ்வொரு பாடத்தையும் நான்கைந்து முறை படித்தும் தேர்வு அறையில் மறந்துவிடுகிறது.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நாலரை மணி நேரத் தூக்கம் அவள் வயதுக்குப் பாதிதான். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும். பகலில் படித்தது நினைவில் இறுகுவதே தூக்கத்தில்தான். இரவு பத்துக்குப் படுத்துக் காலை ஆறுக்கு எழட்டும்.

அடுத்தது படிக்கும் முறை. திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் பழகிப்போய்த் ‘தெரிந்துவிட்டது’ என்று தோன்றும். 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியை நான்கு முறை படித்தவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 40 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். ஒரே முறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை எழுதிப் பார்த்தவர்கள் 61 விழுக்காடு. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தியது திரும்பத் திரும்பப் படித்த கூட்டம்! உங்கள் மகளை ஏமாற்றுவது அந்த ஐந்து நிமிட நம்பிக்கைதான்.

ஆகவே அறிவியலில் ஒரு பகுதியை 20 நிமிடம் கவனமாகப் படித்து, புத்தகத்தை மூடி, ரஃப் நோட்டில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதட்டும். பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். மறுநாள் சிவப்பில் உள்ளதை மட்டும் பார்க்காமல் எழுதிப் பார்க்கலாம். ஒரு வாரம் கழித்து முழுவதும் ஒரு முறை. பாடத்தின் முடிவில் உள்ள (புக் பேக்) ஒரு மதிப்பெண் கேள்விகளில் விடைத் தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். பலர் தவறுவது ஓரிடத்தில்: தடுமாறிய உடனே புத்தகத்தைத் திறந்துவிடுவார்கள். இரண்டு நிமிடமாவது யோசித்துப் பார்த்த பிறகே திறக்கட்டும். கணக்கில் எடுத்துக்காட்டைப் ‘படிப்பது’ வீண். விடையை மூடிவைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும்.

கேள்வி: எட்டாம் வகுப்புப் பேத்தி எப்போதும் சோர்வு, வகுப்பில் தூங்குகிறாளாம்.
– பாட்டி, அரியலூர்

பதில்: ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் அம்மா. 12 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று பிள்ளைகள் எறிந்துவிடுவதுண்டு. சாப்பிட்ட பிறகு போட்டால் அந்தத் தொல்லை குறையும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், இரும்புச்சத்து உடலில் சேர விடாது. எலுமிச்சை, நெல்லி சேர்ந்தால் நல்லது. ஆண்டுக்கு இருமுறை தரும் பூச்சி மாத்திரையும் தப்பக் கூடாது. காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், பழைய சோறானாலும் போதும்.

கேள்வி: நான் ஐந்தாவதோடு நின்றவன். ஆறாவது படிக்கும் மகனுக்கு எப்படி உதவுவது?
– கட்டடத் தொழிலாளி, சேலம்

பதில்: சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்டால் போதும். ‘இன்று என்ன நடத்தினார்கள், எனக்குப் புரிகிற மாதிரி சொல்’ என்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்காருங்கள். சொல்லும்போது எங்கே திக்குகிறானோ, அங்கே அவனுக்குப் புரியவில்லை. அதை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் உங்கள் கையில்தான் இருக்கிறது: வருகை. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாட்கள். கல்யாணம், திருவிழா, ஊருக்குப் போவது என்று மாதம் மூன்று நாள் போனால் பத்து மாதத்தில் 30 நாள். ஏழில் ஒரு பங்கு பாடம் கைவிட்டுப் போகிறது. சமூக அறிவியலைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கணக்கில் அது நடக்காது. பின்னம் நடத்திய வாரம் தவறினால் விகிதமும் சதவீதமும் அடுத்தடுத்துப் புரியாமல் போகும். தவிர்க்க முடியாமல் விடுப்பு எடுத்தால், திரும்பிய அன்றே நண்பன் நோட்டைப் பார்த்து, விட்டுப்போன கணக்கில் இரண்டைத் தானே போட்டுப் பார்த்து ஆசிரியரிடம் காட்டட்டும். வெறுமனே காப்பி எழுதிய நோட்டில் எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும். அவனுக்குத் தெரியாதது வெளியே தெரியாது.