வீடு கட்டியே ஆகவேண்டும் என்ற நிபந்தனையோடு மனை வாங்கலாமா?

கேள்வி: ஒரு லேஅவுட்டில் 40க்கு 60 அடி மனை பார்த்திருக்கிறோம். மனையை விற்கும் நிறுவனம் சொல்லும் கான்ட்ராக்டரிடமே இரண்டு வருடத்துக்குள் வீடு கட்டி முடிக்க வேண்டுமாம். தவறினால் மனையை வாங்கிய விலைக்கே திருப்பி எடுத்துக்கொள்வார்களாம். வரைபடத்துக்கும் அவர்கள் ஒப்புதல் வேண்டும். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். முதலில் மனையின் கிரய ஒப்பந்தத்தையும் வீட்டின் கட்டுமான ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "கட்டுமான ஒப்பந்தம் பிறகு போட்டுக்கொள்ளலாம்" என்றால் சம்மதிக்க வேண்டாம். மனை கைக்கு வந்த பிறகு நீங்கள் வேறு ஆளிடம் போக முடியாது; அவர்கள் சொல்வதுதான் விலை.

அந்த இரண்டு வருடம் எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது? சாலை, தண்ணீர், மின்சாரம் மூன்றும் மனை வரை வந்து, அளந்து கல் நட்டு ஒப்படைத்த நாளிலிருந்து என்று எழுதச் சொல்லுங்கள். தண்ணீர் வராத மனையில் அஸ்திவாரமே தொடங்க முடியாது, ஆனால் கெடு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். 'கட்டி முடிப்பது' என்றால் கூரை கான்கிரீட் போட்டதா, நிறைவுச் சான்றிதழ் வாங்கியதா என்பதும் தெளிவாக வேண்டும்; இடையில் பல மாத வேலை இருக்கிறது. வரைபடம் அவர்கள் மேசையில் கிடக்கும் நாட்கள் கெடுவில் சேரக் கூடாது. 30 நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளப்படும் என்றொரு வரி சேருங்கள்.

எங்களுக்கு அதிகம் கவலை தருவது திருப்பி எடுக்கும் விதி. கான்ட்ராக்டர் லிண்டல் மட்டத்தில், அதாவது சுவர் கதவு ஜன்னல்களின் மேல்விளிம்பு வரை எழும்பிய நிலையில், வேலையை விட்டுப் போய்விட்டால், பழைய மனை விலைக்கே உங்கள் பாதி வீடும் சேர்ந்து போய்விடும். அவர் தரப்புத் தாமதத்துக்குக் கெடு நீளும், அதே வரைபடத்தை வைத்து வேறு ஆளைக் கொண்டு கட்டலாம், எழும்பிய கட்டடத்துக்குத் தனியாக மதிப்புப் போட்டுப் பணம் தரப்படும் என்ற மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் இந்த மனையை விட்டுவிடுங்கள்.

இனி மனைக்கு வருவோம். முன்னால் 10 அடி, மற்ற மூன்று பக்கமும் 5 அடி விடவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 2,400 சதுர அடியில் கட்ட மிஞ்சுவது 30க்கு 45, அதாவது 1,350 சதுர அடி. கழிவுநீர்க் குழாய்க்காகப் பின்னால் 10 அடி ஒதுக்கியிருந்தால் அது 1,200 ஆகிவிடும். உங்கள் மனைக்கு உள்ள அளவுகளை அங்கீகரித்த லேஅவுட் வரைபடத்தில் பாருங்கள்.

மனை சாலையைவிடப் பள்ளமா? 3 அடி உயர்த்த 7,200 கன அடி மண் வேண்டும். கெட்டிப்படுத்தும்போது அமுங்கும் என்பதால் லாரியில் 9,000 கன அடி வரை இறக்கவேண்டி வரும். கொட்டிய மண்ணின் மேல் அஸ்திவாரம் நிற்கக் கூடாது, நாளாவட்டத்தில் இறங்கிச் சுவர் வெடிக்கும். கீழே உள்ள இயற்கை மண்ணில் 5 அடி போகவேண்டுமென்றால் மொத்தம் 8 அடி. கான்ட்ராக்டர் சொல்லும் சதுர அடி விலையில் 5 அடி ஆழம்தான் சேர்த்தி என்றால் மீதி 3 அடிச் செலவு உங்கள் தலையில். கரிசல் மண் என்றால் அஸ்திவாரத்தின் வகையே மாறும். ஆகவே வீடு வரும் இடத்தில் குறைந்தது இரண்டு துளை போட்டு மண் பரிசோதனை செய்து, அந்த அறிக்கையைப் பார்த்த பிறகு கான்ட்ராக்டர் விலை சொல்லட்டும்.

காம்பவுண்டு சுவர், சம்ப் (தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), செப்டிக் டேங்க், மின் இணைப்பு, அனுமதிக் கட்டணம் இவை விலையில் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். பணம் எப்போதும் வேலைக்குப் பின்னால்தான் போகவேண்டும்: சிறு அட்வான்ஸ், பிறகு பேஸ்மட்டம் (வீட்டின் தரை உயரம்), லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக. கடைசி 5 சதவீதத்தைக் குறைகளைச் சரிசெய்யும் வரை கையில் வைத்திருங்கள்.

வங்கிக் கடன் வாங்குவதாக இருந்தால், திருப்பி எடுக்கும் விதியை வங்கி வக்கீலிடம் முன்பே காட்டுங்கள். அப்படிப்பட்ட மனையை அடமானமாக ஏற்க வங்கி மறுக்கலாம். முன்பணம் கொடுத்த பிறகு அது தெரிந்தால் கடனும் வராது, கொடுத்த பணமும் சிக்கிக்கொள்ளும்.